228 தவணையா, 256 தவணையா?

புனே நகரத்தில் விமான் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. லோஹகாவ் விமான நிலையத்துக்குப் பக்கம். தமிழில் விமானம், மராத்தியில் விமான். அதனால்தான் அந்தப் பெயர். அங்கே கம்பெனிகள், கல்லூரிகள், பெரிய கடைகள் நிறைய. வேலை தேடி எல்லா மாநிலத்துக்காரர்களும் வருகிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன.

அப்படி வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளலாம். அம்மா காலையில் இட்லி வண்டி போடுகிறார். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்து, லோஹகாவில் ஒரு அறையும் சமையல் கட்டும் உள்ள வீடு வாங்கினார்கள். சேர்த்த பணம் போதவில்லை. 2023 ஆகஸ்டில், விமான் நகரில் உள்ள ஒரு வங்கியில் 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார்கள். வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானம். வட்டி 8.50 சதவீதம். காலம் 20 வருஷம். மாதத் தவணை 17,356 ரூபாய்.

ஒரு மாதம்கூடத் தவணை தப்பவில்லை. இப்படி 12 தவணை கட்டி முடித்தார்கள். 2024 செப்டம்பரில் வங்கியிலிருந்து ஒரு கணக்குத் தாள் வந்தது. மகள் அதை எடுத்துப் படித்தாள்.

"அம்மா, 20 வருஷம்னா எத்தனை மாசம்?"

"இருபதைப் பன்னெண்டால பெருக்கு. 240."

"12 மாசம் கட்டியாச்சு. மீதி 228 தானே இருக்கணும்? இதுல இன்னும் 256 தவணைன்னு போட்டிருக்கே!"

அப்பா எட்டிப் பார்த்தார். "அச்சுப் பிழையா இருக்கும். மாசம் போறது அதே 17,356 தானே?"

"அதே பணம்தாங்க போகுது. அப்புறம் எப்படி மாசம் மட்டும் கூடும்?" என்றார் அம்மா.

அம்மா கேட்டது சரியான கேள்வி. வீட்டுக் கடனில் வட்டி ஏறினால், பல வங்கிகள் மாதத் தவணையை ஏற்றுவதில்லை. தவணை ஏறினால் கடன்காரர் உடனே கவனித்துவிடுவார். தவணையை அப்படியே வைத்துவிட்டு, கட்ட வேண்டிய மாதங்களைக் கூட்டிவிடுவார்கள். கையிலிருந்து போகும் பணம் மாறாததால், வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் கடன் நிற்கும். அப்போதுதான் தெரியும்.

மகள் இன்னொரு கணக்கும் போட்டாள். இது யாரும் போடக்கூடிய கணக்கு. அந்த மாதம் பிடித்த வட்டியை 1,200-ஆல் பெருக்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் பாக்கி இருந்த கடனால் அதை வகுக்க வேண்டும். வருவதுதான் வட்டி வீதம். முதல் மாதம் பாக்கி 20,00,000 ரூபாய். பிடித்த வட்டி 15,000 ரூபாய். 15,000-ஐ 1,200-ஆல் பெருக்கினால் 1,80,00,000. அதை 20,00,000-ஆல் வகுத்தால் 9.

பேசிய வட்டி எட்டரை. பிடித்த வட்டி ஒன்பது. (சில வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடும். அப்போது 31 நாள் உள்ள மாதத்தில் கொஞ்சம் கூடத் தெரியும். 30 நாள் மாதத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது.)

அரை சதவீதம்தானே என்று தோன்றும். 20 லட்சம் கடனில் அந்த அரை சதவீதம் என்ன செய்கிறது? ஒரே வருஷத்தில் அசலில் சுமார் 10,300 ரூபாய் கழியாமல் நின்றுவிடுகிறது. இப்படியே போனால் 27 மாதத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். மொத்தம் சுமார் 4 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய். இட்லி விற்று அவ்வளவு பணம் சேர்க்க எத்தனை விடியற்காலை எழுந்திருக்க வேண்டும்!

வட்டி எப்படி முடிவாகிறது?

அன்று இரவு அம்மா பீரோவிலிருந்து சாங்ஷன் கடிதத்தை எடுத்தார். கடன் தருகிறோம் என்று வங்கி கொடுத்த கடிதம் அது. அதில் எழுதியிருந்தது: ரெப்போ 6.50, அதோடு வங்கியின் பங்கு 2.00, ஆக மொத்தம் 8.50. மாறும் வட்டி.

ரெப்போ என்பது என்ன? வங்கிகளுக்கே அவசரத்துக்குப் பணம் தேவைப்படும். அப்போது ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும். அதற்கு வாங்கும் வட்டிதான் ரெப்போ. அதை ரிசர்வ் வங்கி எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கிறது. செய்தித்தாளில் வரும்.

இட்லி வண்டியை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு வாடிக்கைக்காரரிடம் அம்மா இப்படிப் பேசிக்கொள்கிறார் என்று வைப்போம்: "அரிசி, உளுந்து விலை ஏறினால் இட்லி விலையை ஏற்றுவேன். இறங்கினால் இறக்குவேன். என் கூலி மட்டும் இரண்டு ரூபாய், அது மாறாது." உளுந்து விலை ரெப்போ மாதிரி. அது ஊருக்கே தெரியும். கூலி வங்கியின் பங்கு மாதிரி. அது பேசி வைத்தது. உளுந்து விலை ஏறாமலே இட்லி விலை ஏறினால் என்ன அர்த்தம்? கூலியைத்தான் கூட்டியிருக்க வேண்டும்.

2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை ரெப்போ 6.50 சதவீதத்திலேயே நின்றது. ஒரு புள்ளிகூட அசையவில்லை. இந்தக் குடும்பம் கடன் வாங்கியதும், 12 தவணை கட்டியதும் அந்தக் காலத்துக்குள்தான். ஆகவே வங்கியின் பங்கு 2.00-லிருந்து 2.50 ஆகியிருக்கிறது.

இந்த ரெப்போ முறை சும்மா வந்துவிடவில்லை. முன்பெல்லாம் மாறும் வட்டியை ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த அடிப்படை வட்டியை வைத்தே முடிவு செய்தது. அந்த அடிப்படையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கடன் வாங்கியவருக்குத் தெரியாது. நாட்டில் வட்டி ஏறினால் கடன்காரருக்கும் உடனே ஏறும். இறங்கினால் புதிதாக வருபவருக்குத்தான் இறங்கும். பழைய கடன்காரர் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருப்பார். இதை மாற்ற ரிசர்வ் வங்கி 2010-இல் ஒரு முறை கொண்டுவந்தது. 2016-இல் இன்னொரு முறை கொண்டுவந்தது. அப்படியும் சரியாகவில்லை.

2017-இல் ரிசர்வ் வங்கி தன் அதிகாரிகளைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. தலைவர் ஜனக் ராஜ். வங்கிகள் சொன்ன முறைப்படி கணக்கிடாமல், அடிப்படை வட்டி இறங்காதபடி இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டன என்று அந்தக் குழு எழுதியது. மும்பையில் மனிலைஃப் பவுண்டேஷன் என்ற அமைப்பு இருக்கிறது. பழைய கடன்காரர்களுக்கு நியாயம் வேண்டும் என்று அது ரிசர்வ் வங்கிக்கு மனுக் கொடுத்தது. பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. அந்த மனுவின் மேல் முடிவைச் சொல்லும்படி 2018 அக்டோபரில் நீதிமன்றம் ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை, ரெப்போ மாதிரி வெளியில் தெரியும் ஓர் அளவோடுதான் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வங்கியின் பங்கை நினைத்த நேரத்தில் கூட்ட முடியாது. கடன்காரரின் கடன் கட்டும் தகுதி பெரிதாக மாறியிருந்தால், ஒப்பந்தப்படி மாற்றலாம். மற்றச் செலவுகளுக்காக என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான். மூன்று வருஷம் ஆகும் முன்பே குறைத்துக் கொடுக்கலாம் என்று 2025-இல் தளர்த்தினார்கள். அது குறைப்பதற்கு மட்டும்.

மகள் படித்த கணக்குத் தாளும் ஒரு விதியால் வந்ததுதான். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. இதுவரை கழிந்த அசல், கட்டிய வட்டி, மாதத் தவணை, இன்னும் எத்தனை தவணை, வருஷ வட்டி எவ்வளவு என்ற விவரங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். வட்டி ஏறும்போது, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்கவும் வேண்டும். கடன்காரரைக் கேட்காமல் மாதத்தைக் கூட்டக் கூடாது.

வங்கியில்

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் அம்மா இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்.

"உட்காருங்க தாயி," என்றார் அலுவலர். மராத்தியில் தாயி என்றால் அக்கா. தாள்களைப் பார்த்தார். "ரெப்போ ஏறியிருக்கும். அதான்."

"எந்தத் தேதியில ஏறிச்சு சாஹேப்?"

அலுவலர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பதில் வரவில்லை. "மேலே கேட்டுச் சொல்றேன். அடுத்த வாரம் வாங்க."

அம்மா அடுத்த வாரம் போனார். அதற்கு அடுத்த வாரமும் போனார். வாயால் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கவுண்டரில் எத்தனை முறை சொன்னாலும் அது புகார் ஆகாது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினால்தான் புகார். அன்றிலிருந்துதான் நாள் எண்ணப்படும்.

எழுதும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். சாங்ஷன் கடிதத்தில் சில சமயம் நிபந்தனை இருக்கும். சம்பளக் கணக்கு எங்கள் வங்கியில் இருந்தால் இவ்வளவு சலுகை என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கை மூடியிருந்தால் சலுகை போய்விடும். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அம்மாவின் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

வட்டி அதிகம் என்பது வேறு. வட்டி தவறு என்பது வேறு. பக்கத்து வங்கியில் எட்டேகால், இங்கே எட்டரை என்று புகார் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அது வியாபாரம். பேசியது ஒன்று, பிடித்தது ஒன்று என்றால் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

மகள் எழுதிய கடிதம் இப்படி இருந்தது:

"மேலாளர் அவர்களுக்கு. எங்கள் வீட்டுக் கடன் கணக்கு எண் ........ சாங்ஷன் கடிதம் தேதி ........ அதன்படி வட்டி ரெப்போவும் 2.00-ம் சேர்ந்தது. ரெப்போ 6.50. ஆகவே வட்டி 8.50 இருக்க வேண்டும். கணக்குத் தாளில் 9.00 பிடிக்கப்பட்டுள்ளது. மீதித் தவணை 228 இருக்க வேண்டும். 256 என்று உள்ளது. காலத்தை நீட்ட எங்களிடம் கேட்கவில்லை. முதல் மாதத்திலிருந்து வட்டியை 8.50 ஆகத் திருத்த வேண்டும். கூடுதலாகப் பிடித்ததை அந்தந்தத் தேதியிலேயே அசலில் கழிக்க வேண்டும். திருத்திய தவணை அட்டவணையை எழுத்தில் தர வேண்டும். வட்டியைக் கூட்டியதற்குக் காரணம் இருந்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. எண்கள் மட்டும் இருந்தன. "அந்தந்தத் தேதியிலேயே" என்று எழுதியது முக்கியம். வங்கி இன்றைய தேதியில் ஒரு தொகையைத் திருப்பிக் கொடுத்தால், இடைக்காலத்தில் அதன் மேல் ஏறிய வட்டி நின்றுவிடும்.

கடிதத்தோடு சாங்ஷன் கடிதம், கணக்குத் தாள் இரண்டின் நகல்கள் வைத்தார்கள். அசலைக் கொடுக்கவில்லை. கிளை மேலாளர் பதில் தராவிட்டால் வங்கியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். அவர் முகவரி ஒவ்வொரு கிளையிலும் பலகையில் இருக்கும். தபாலில் அனுப்பினால், அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "பதில் வர்ற வரைக்கும் தவணையே கட்ட வேண்டாம்!"

அது பெரிய ஆபத்து. வீடு அடமானத்தில் இருக்கிறது. தவணை தொடர்ந்து நின்றால், கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுக்க 2002-ஆம் வருஷச் சட்டம் ஒன்று வங்கிக்கு அதிகாரம் தருகிறது. நியாயம் கடன்காரர் பக்கம் இருந்தாலும், தவணை நின்றால் தப்பு அவர் மேல் வந்துவிடும். அம்மா தவணையை நிறுத்தவில்லை.

முப்பது நாளுக்குப் பிறகு

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்புட்ஸ்மேன் என்பதும் இவரைத்தான். வங்கிகளுக்கு இந்த ஏற்பாடு 1995-இல் வந்தது. 2021 நவம்பர் 12 அன்று நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் ஆக்கினார்கள். அதற்கு முன் எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டும். இப்போது புனேக்காரர் ஆனாலும், திருநெல்வேலிக்காரர் ஆனாலும் தபாலில் அனுப்ப ஒரே இடம்தான். சண்டிகர், செக்டர் 17, ரிசர்வ் வங்கி. இணையத்திலும் பதியலாம். 14448 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் விவரம் கேட்கலாம்.

புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. வக்கீல் மூலம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். கடன்காரரே கொடுக்கலாம். அல்லது வக்கீல் அல்லாத ஒருவரைத் தன் சார்பில் நியமிக்கலாம். தபாலில் வரும் புகார் எந்த மொழியிலும் இருக்கலாம் என்று 2021-இல் அறிவித்தார்கள். மராத்தி எழுதத் தெரியாத இட்லிக் கடைக்காரர் தமிழிலேயே எழுதலாம்.

சில நிபந்தனைகள் உண்டு. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். வங்கி பதில் தந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வர வேண்டும் என்று 2021 திட்டத்தில் இருந்தது. அதே விஷயம் கோர்ட்டில் இருக்கக் கூடாது. நேராக இங்கே வந்த புகாரைத் திருப்பிவிடுவார்கள். முத்திரை வாங்கிய நகல் இங்கேதான் உதவுகிறது.

குறைதீர்ப்பாளர் வங்கியிடம் விளக்கம் கேட்பார். இரு தரப்பையும் சமரசம் செய்யப் பார்ப்பார். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீரும். தீராவிட்டால் தீர்ப்புத் தருவார். 2021 திட்டத்தில், நஷ்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சலுக்கும் மனவேதனைக்கும் ஒரு லட்சம் வரையும் தர அவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். இன்னொன்றும் அதில் இருந்தது. தீர்ப்புக் கிடைத்த 30 நாளுக்குள், ஏற்றுக்கொள்கிறேன் என்று புகார்தாரர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஜெயித்த தீர்ப்பும் காலாவதியாகிவிடும்.

வீட்டுக் கடன் கம்பெனியில் கடன் வாங்கியவர்களுக்கு வழி வேறு. அவற்றை 2021 திட்டத்தில் சேர்க்கவில்லை. அவர்கள் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் புகார் அனுப்ப வேண்டும். ரெப்போவோடு கட்ட வேண்டும் என்ற 2019 விதியும் வங்கிகளுக்குத்தான். கம்பெனிக்குப் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குறைதீர்ப்பாளரிடம் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தக் குடும்பத்துக்குப் புனேயிலேயே. வங்கியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். பிரச்சினை நடந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

தட்டினால் திறக்கிறதா என்று சந்தேகம் வருவது இயல்பு. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன் கொடுப்பவர்களைச் சோதித்தபோது சில தவறுகள் தெரிந்தன. பணம் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, கடன் அனுமதித்த நாளிலிருந்தே சிலர் வட்டி பிடித்திருந்தார்கள். மாத நடுவில் கொடுத்த கடனுக்கு மாதம் முழுவதும் வட்டி பிடித்திருந்தார்கள். அந்தக் கூடுதல் பணத்தை வாடிக்கைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. ஆக, வங்கியின் கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் சரி என்று இருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் புதிய கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும். அதைக் கடன்காரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

2025-இல் ரெப்போ இறங்கத் தொடங்கியது. பிப்ரவரியில் 6.25. ஏப்ரலில் 6.00. ஜூனில் 5.50. டிசம்பரில் 5.25. இரண்டு சதவீதம் வங்கியின் பங்கு என்று கடிதம் இருக்கும் வீட்டில், வட்டி 8.50-லிருந்து 7.25-க்கு வந்திருக்க வேண்டும். ஏறியது மட்டும் உடனே ஏறி, இறங்கியது இறங்காமல் நின்றால், அதற்கும் இதே கடிதம்தான். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விமான் நகர் அம்மா வீட்டுச் சுவரில் இப்போது ஒரு காலண்டர் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தேதியைச் சுற்றி மகள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள். கணக்குத் தாள் வர வேண்டிய நாள் அது. தாள் வந்ததும் முதலில் பார்ப்பது மாதத் தவணையை அல்ல. மீதி எத்தனை தவணை என்ற எண்ணைத்தான்.